ஆறு புள்ளி

மார்ச் 4, செவ்வாய்

இன்று அடித்தது மூன்று கடிதம், ஒரு சுற்றறிக்கை, ஒரு குற்றப்பத்திரிகை. விசாரணை அறையின் மின்விசிறி கட்கட என்று அடித்துக்கொள்வதைப் பற்றி ஐந்தாவது முறையாகப் புகார் எழுதிக் கொடுத்தேன். நான்கும் எங்கே போயினவோ அங்கேயே இதுவும் போகட்டும்.

குற்றப்பத்திரிகை கிரேன் ஓட்டும் அம்மாவின் மேல். ஆலை முற்றத்தில், கூரையை ஒட்டி ஓடுகிற பெரிய கிரேனின் கண்ணாடிக் கூண்டுக்குள் பதினோரு வருடமாக உட்கார்ந்து இரும்புக் குழாய்க் கட்டுகளைத் தூக்கி இறக்குகிறவர். எல்லாருக்கும் கூண்டக்கா. நான் பேசியதில்லை. அவர் மேலே, நான் மாடி அறையில் தட்டச்சுக்கு முன்னால், எங்கே பேசுவது?

போன வியாழக்கிழமை, குழாய் வாங்க வந்த வெளியூர்க்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஜி.எம்.மை ஒலிபெருக்கியில் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிவிட்டாராம். அதே நேரத்தில் குழாய்க் கட்டு ஒன்று சரிந்து கீழே விழுந்ததாம். யாருக்கும் அடியில்லை. எச்.ஆர். மேனேஜர் சொல்லச் சொல்ல அடித்தேன். “ஆலையின் தலைமைப் பொறுப்பில் உள்ளவரை” வரை கடகடவென்று வந்தவர், அந்த வார்த்தை வந்ததும் கூரையைப் பார்த்தார்.

“அதை நீங்களே போட்டுக்குங்க மேடம்.”

“என்ன வார்த்தை சார்?”

“சொல்ற மாதிரி இருந்தா சொல்ல மாட்டேனா? ரொம்ப ரொம்ப மோசம்.”

ஆறு போட்டேன்.

இதையும் எழுதி வைக்கிறேன், என் வேலையின் சூட்சுமம் எனக்குப் பிறகு யாருக்காவது தெரிய வேண்டாமா. இருபத்திரண்டு வருடத்தில் நான் ஒரு கெட்ட வார்த்தையைக்கூட அடித்ததில்லை. புள்ளிதான். நாய், எருமை, உடம்பு உறுப்பு வகையறாவுக்கு மூன்று. எதிராளியின் அம்மாவை இழுத்துவிட்டால் ஆறு. யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, நானே வகுத்துக்கொண்டது. தலைமை அலுவலகத்து சட்டப் பிரிவுக்குக்கூட இது அத்துப்படி. “உங்க ஆறு புள்ளியைப் பார்த்தா ஃபைலைத் திறக்கவே வேண்டாம் மேடம்” என்று ஒருமுறை போனில் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. முதுகுக்குப் பின்னால் புள்ளி மேடம் என்று கூப்பிடுகிறார்கள் என்பதும் தெரியும். கூப்பிடட்டுமே.

குழாய் விழுந்ததை இதிலேயே சேர்க்க வேண்டாமா என்று கேட்டேன். “அது தனி ரிப்போர்ட். உயிர் போகாதது வேற விஷயம் மேடம், மரியாதை போனது வேற விஷயம்” என்றார்.

மார்ச் 7, வெள்ளி

தலைமை அலுவலகத்திலிருந்து போன். ஆறு புள்ளி பார்த்தார்களாம், வேலைநீக்கம் வரைக்கும் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். விசாரணை முடியும்வரை கூண்டக்காவுக்கு உள்ளே வர அனுமதி கிடையாது.

மார்ச் 9, ஞாயிறு

மதியம் சாப்பிட்டுவிட்டு இவரிடம் விஷயத்தைச் சொன்னேன். மருந்துக்கடைக்காரருக்கு எதிலும் ஒரு கிண்டல்.

“என்ன சொன்னாங்களாம்?”

“தெரியாது.”

“தெரியாமலே ஆறா? அளந்து பார்க்காம மருந்து குடுத்தா என்னை உள்ள தள்ளிடுவாங்க.”

“எச்.ஆர். சொல்லும்போது அவர் மூஞ்சியைப் பார்த்திருந்தா நீங்களும் ஆறுதான் போட்டிருப்பீங்க.”

“மூஞ்சியைப் பார்த்துப் புள்ளி வைக்கிற ஒரே ஆள் நீதான்” என்று சொல்லிவிட்டு, அவர் கடைக் கதைக்குப் போனார். சில சாமான்களைக் கேட்கும்போது பெரிய மனிதர்கள் குரலைத் தாழ்த்துவார்களாம், இவரும் காகிதத்தில் இறுக்கிச் சுற்றித் தருவாராம். “அப்படிச் சுத்தின பொட்டலத்தை மட்டும்தான் தெருவே திரும்பிப் பார்க்கும். தலைவலி மாத்திரையை யாரு பார்க்கிறா?”

சிரித்தேன். ஆனால் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவும்போது சிரிப்பு வரவில்லை. அளந்து பார்க்காமல்தானே போட்டேன்?

மார்ச் 18, செவ்வாய்

முதல் விசாரணை. நடத்துகிறவர் வெளியிலிருந்து வந்த வக்கீல். வயதானவர், எதற்கும் அவசரப்படாதவர். எச்.ஆர். ஒரு பக்கம், கூண்டக்கா எதிர்ப்பக்கம். சக தொழிலாளி ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. அவர் கூட்டி வந்தது கீழே நின்று கொக்கி மாட்டுகிற தம்பியை. அந்தத் தம்பி வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை வந்துவிடும் என்ற பயத்தில், இரண்டு மணி நேரமும் உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

கூண்டக்காவை இன்றுதான் பக்கத்தில் பார்த்தேன். குள்ளம். ஐம்பது இருக்கும். நரையை மறைக்கவில்லை. வேலைக்கு வரக்கூடாது என்று சொல்லியும் பாதுகாப்பு பூட்ஸோடுதான் வந்திருந்தார். உள்ளே நுழைந்ததும் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தார்.

“சார், அந்த ஃபேனுக்கு மேல ஒரு போல்ட் கழண்டிருக்கு. அதுக்கு நேர் கீழ உக்காராதீங்க.”

வக்கீல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் ஐந்து புகார் எழுதியிருக்கிறேன். ஒருமுறைகூட அண்ணாந்து பார்த்ததில்லை.

எச்.ஆர். குற்றப்பத்திரிகையைப் படித்தார். என் புள்ளிகள் வந்ததும் நிறுத்த முடியாமல் அப்படியே படித்துவிட்டார்: “ஜி.எம். அவர்களைப் பார்த்து, டேய் புள்ளி புள்ளி புள்ளி புள்ளி புள்ளி புள்ளி, என்று...”

“நான் புள்ளி புள்ளின்னு சொல்லலையே சார்” என்றார் கூண்டக்கா. கேலி இல்லை. நிஜமாகவே சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டார். வக்கீலுக்கு இருமல் வந்துவிட்டது.

திட்டியதை ஒத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள். ஒத்துக்கொள்கிறேன் என்றார். அப்போது வேலை சுலபம்தானே? நானும் அப்படித்தான் நினைத்தேன். பக்கத்தை அச்செடுத்துக் கையெழுத்துக்கு நீட்டினேன். நிதானமாக, விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். படித்துவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

“நான் திட்டினேன்னு எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடுறேன் சார். இந்தப் புள்ளிக்குப் போட மாட்டேன். இதுல ஆளாளுக்கு அவங்கவங்களுக்குத் தெரிஞ்சதைப் போட்டுப் படிச்சுக்குவாங்க. நாளைக்கு என் பொண்ணு கையில கிடைச்சா அவளும் எதையாவது போட்டுக்குவா. நான் சொன்னதை எழுதுங்க, போட்டுத் தர்றேன்.”

“அதை எப்படிம்மா ஆபீஸ் பேப்பர்ல எழுதறது?” - எச்.ஆர்.

“அதுக்காக வேலையை விட்டு மட்டும் அனுப்பலாமா சார்?”

கையெழுத்து மறுத்ததை இரண்டாவது குற்றமாகச் சேர்க்கச் சொன்னார் எச்.ஆர். வக்கீல் தலையை ஆட்டவில்லை. அடுத்த அமர்வில் ஜி.எம். சாட்சி சொல்ல வரட்டும் என்று முடித்துக்கொண்டார்.

மார்ச் 19, புதன்

காலையிலிருந்து எரிச்சல். என் புள்ளிக்குக் கையெழுத்துப் போட மாட்டாராமே! இருபத்திரண்டு வருடமாக மேனேஜர்களும் மெக்கானிக்குகளும் மறுபேச்சில்லாமல் போட்டிருக்கிறார்கள். இவர் யார்?

மாலை, பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது. அப்போது வந்தது ஞாபகம். வரக்கூடாது என்று நினைத்திருந்த ஞாபகம்.

ஒன்பது வருடம் முன்பு. பேக்கிங் பிரிவில் ஒரு பெண். அவளுடைய சூப்பர்வைசர் தினமும் என்னென்ன சொல்கிறான் என்று என் மேஜைக்கு முன்னால் நின்று சொன்னாள். அழவில்லை, ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லும்போது கழுத்து நரம்பு புடைத்தது. நான் காதில் வாங்கினேன். அப்போதிருந்த எச்.ஆர். உள்ளிருந்து கூப்பிட்டு, “மூணு போடுங்க, போதும்” என்றார். மூன்றுதான் போட்டேன். அவள் நின்று சொன்னது அத்தனையும் மூன்று புள்ளி. “சாதாரண வாக்குவாதம்” என்று தீர்ப்பு வந்தது. அவன் இப்போதும் இருக்கிறான், பதவி உயர்வோடு. அவள் அந்த மாதமே வேலையை விட்டுப் போனாள். போகும்போது என் மேஜைப் பக்கம் பார்க்கவில்லை.

நாகரிகம் என்று நினைத்துத்தான் செய்தேன். நாகரிகமா அது? யாருக்கு?

மார்ச் 21, வெள்ளி

அடுத்த விசாரணைக்கான கடிதத்தைக் கொக்கித் தம்பியிடம் கொடுக்க நானே முற்றத்துக்கு இறங்கினேன். ஆளை அனுப்பியிருக்கலாம். போகணும் போல இருந்தது.

அம்மாடி, என்ன சத்தம்! தம்பி ஒரு சங்கிலியை மாட்டிக்கொண்டு யாரையோ கூப்பிட்டார். ஒரே வாக்கியத்தில் நான்கு கெட்ட வார்த்தை. அதில் மூன்று ஆறு-புள்ளி வகை. கூப்பிடப்பட்டவர் திரும்பவே இல்லை, இரண்டாம் தடவை கை தட்டித்தான் கூப்பிட வேண்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் தம்பிக்கு முகம் வெளிறிவிட்டது.

அன்றைக்கு நடந்ததை அவர்தான் முழுதாகச் சொன்னார். கட்டு உச்சியில் தொங்குகிறது. அதைத் தாங்குகிற ஒரு பக்கத்துப் பட்டை நழுவ ஆரம்பிக்கிறது. நேர் கீழே ஜி.எம்., போனில். இறக்கினால் அவர் தலையில்தான் இறங்கும்; கிரேனை நகர்த்தினால் கட்டு ஆடிச் சீக்கிரமே உருவிக்கொள்ளும். அசையாமல் பிடித்துக்கொண்டு, கூண்டக்கா ஒலிபெருக்கியில் மூன்று தடவை “சார், நகருங்க சார்” என்றாராம். ஜி.எம். நிமிராமலே ‘ஒரு நிமிஷம்’ என்று கையைக் காட்டினாராம். நாலாவது தடவைதான் அது.

“பதினோரு வருஷத்துல அக்கா வாயில ஒரு தடவை கூட வந்ததில்ல மேடம். நான் பேசினாலே, ‘தம்பி, போய் வாயைக் கழுவிட்டு வா’ன்னு மைக்லயே சொல்லிடும். அன்னைக்கு மேலேருந்து அது வந்ததும் முற்றமே அப்படியே நின்னுபோச்சு. என் கையில இருந்த கொக்கியை நான் கீழ போட்டுட்டேன்.”

“என்ன வார்த்தை தம்பி அது?”

நான்கை ஒரே மூச்சில் சொன்ன ஆள், சின்னப் பெண் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். “போங்க மேடம். அக்கா சொன்னதை நான் எப்படிச் சொல்றது?”

இதே தம்பி தினம் பேசுவதை எச்.ஆர். தினம் கேட்டுக்கொண்டே கடந்து போகிறார். ஒரு மெமோ உண்டா? கிடையாது. ஆம்பளை வாயில் வந்தால் முற்றத்துச் சத்தம், பொம்பளை வாயில் வந்தால் குற்றப்பத்திரிகை.

மார்ச் 23, ஞாயிறு

தங்கை போன் செய்தாள். பேச்சுக்கு நடுவே தன் பிள்ளையைப் பார்த்து, “கட்டையில போறவனே, அந்த சுவிட்சைத் தொடாதே! நாசமாப் போ!” பிறகு என்னிடம் சாதாரணமாக, “ஆங், என்ன சொல்லிட்டிருந்தே?”

போனை வைத்த பிறகு யோசித்தேன். பெற்ற பிள்ளையைச் சாகச் சொல்வது வீட்டுப் பேச்சு. எங்கள் அம்மாவும் சொல்லியிருக்கிறாள். யாரும் காதைப் பொத்திக்கொண்டதில்லை. உடம்பிலிருக்கிற ஒன்றின் பெயரைச் சொன்னால் மட்டும் வாயில் சூடு. டாக்டர் அதையே வேறு பெயரில் கேட்டால் பதில் சொல்கிறோம். அப்படியானால் குற்றம் பொருளில் இல்லை. எங்கே இருக்கிறது? அந்த வார்த்தையை மறைத்து வைத்ததில்தானா? எல்லாரும் கூடிக்கூடி மறைத்ததால் அதற்கு இவ்வளவு கனம் வந்துவிட்டதா?

எனக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரிகிறது: அந்தம்மா செய்தது எனக்கு வராது. நான் அந்தக் கூண்டில் இருந்திருந்தால் நாலாவது முறையும் “சார்” என்றுதான் சொல்லியிருப்பேன்.

மார்ச் 26, புதன்

குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, ஒரு மூன்று-புள்ளி வார்த்தையைச் சொல்லிப் பார்த்தேன். குரல் வரவில்லை. குழாயை மூடிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

ஜி.எம். வந்தார். அவரை இவ்வளவு சுருங்கிப் போய் நான் பார்த்ததில்லை. “என்னைத் தகாத வார்த்தை சொல்லித் திட்டினார்” என்று ஒரே வரியில் சாட்சியம். குறுக்கு விசாரணை செய்யலாம் என்று வக்கீல் கூண்டக்காவிடம் சொன்னார். அவர் எழுந்து நின்றார்.

“சார், உங்களுக்கு எங்கேயும் அடிபடலையே?”

“இல்லை.”

“மூணு தடவை நகருங்க சார்னு சொன்னேன். கேட்டுச்சா சார்?”

ஜி.எம். மேஜையைப் பார்த்தார். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “கேட்டுச்சு. போன்ல இருந்தேன். வழக்கமா சொல்றதுதானேன்னு விட்டுட்டேன்.”

“நாலாவதுக்கு ஏன் சார் நகர்ந்தீங்க?”

“...கோபம். யாருடா அதுன்னு கேக்கலாம்னு ஏணிப் பக்கம் வந்தேன்.”

“எத்தனை அடி எடுத்து வச்சிருப்பீங்க?”

“எட்டு. பத்து.”

“அப்பதானே சார் பின்னாடி விழுந்துச்சு?”

“ஆமா.”

“அவ்வளவுதான் சார்” என்று உட்கார்ந்துவிட்டார். ஐந்து கேள்வி. நான் பார்த்த எந்த வக்கீலும் இப்படி ஐந்தோடு நிறுத்தியதில்லை.

எச்.ஆர். விடவில்லை. கிரேனில் எச்சரிக்கை மணி இருக்கிறதே, அடித்திருக்கலாமே என்றார்.

“காலையில ஏறினதிலேருந்து அடிச்சுட்டேதான் சார் இருக்கும். கிரேன் நகர்ற நேரமெல்லாம் அடிக்கும். அதை யாரு சார் கேக்கறா? தம்பி கீழ நின்னு பேசறதும் அப்படித்தான். எப்பவும் பேசிட்டே இருந்தா அதுவும் மணிதான்.” பிறகு, “நான் பேசமாட்டேன்னு எல்லாருக்கும் தெரியும் சார். அதான் அது வேலை செஞ்சுது” என்றார்.

வக்கீல் ஜி.எம்.மிடம், அந்தச் சொல்லைப் பதிவில் ஏற்றியாக வேண்டும், சொல்லுங்கள் என்றார். ஜி.எம். வாயைத் திறந்தார், மூடினார். காது சிவந்துவிட்டது. எச்.ஆர். கூரையைப் பார்த்தார். அங்கே அந்த போல்ட் இன்னும் கழண்டுதான் இருந்தது.

“நானே சொல்றேன் சார். சொன்னது நான்தானே.” கூண்டக்கா ஒருமுறை எங்கள் எல்லாரையும் பார்த்தார், மன்னிச்சுக்குங்க என்றார், பிறகு சாதாரணக் குரலில் சொன்னார்: “டேய் மயிராண்டி, மேல பாருடா!”

இவ்வளவுதானா?

என் விரல் விசைப்பலகை மேலேயே நின்றுவிட்டது. என் கணக்கில் அது மூன்று. சந்தேகமில்லாமல் மூன்று. ஒரு மனிதரைச் சபையில் சொல்லக்கூடாதுதான், அதுவும் ஜி.எம்.மை. ஆனால் இதில் அம்மா எங்கே? மூன்றுக்கு வேலை போகாது. இதுவரை போனதில்லை. எனக்கு முன்னால் இருக்கும் பெண்ணுக்கு வேலை போகப்போவது அவர் சொன்னதால் இல்லை, நான் போட்டதால்.

வக்கீல் கேட்டார், “அந்த நேரத்துல யோசிச்சாம்மா சொன்னீங்க?”

“ஒரு நொடி இருந்துச்சு சார். நாக்குல முதல்ல வந்தது வேற. அதுல அவங்க அம்மா வர்றாங்க. எங்கேயோ இருக்கிற அந்தம்மா என்ன சார் பண்ணினாங்க? அதை முழுங்கிட்டு இதைச் சொன்னேன்.”

ஜி.எம். அப்போதுதான் முதல்முறையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

ஐந்து டன் இரும்பு நழுவிக்கொண்டிருக்கிறது. கீழே ஒரு உயிர். அந்த ஒரு நொடியில், அங்கே இல்லாத ஒரு அம்மாவுக்கு மரியாதை பார்த்திருக்கிறார். நான் நிழலில் உட்கார்ந்துகொண்டு, நேரம் எவ்வளவோ இருந்தும், இரண்டாம் தடவை என்ன வார்த்தை என்று கேட்காமல் அந்த அம்மாவைத் தூக்கி உள்ளே வைத்தேன்.

எழுந்தேன். விசாரணையில் தட்டச்சர் பேசக்கூடாது. இருபத்திரண்டு வருடத்தில் தும்மியதைத் தவிர நான் வாயைத் திறந்ததில்லை.

“ஐயா, அந்த ஆறு புள்ளி என்னோடது.”

எச்.ஆர். “மேடம்!” என்றார். வக்கீல் கையைக் காட்டினார். சொன்னேன். மூன்று என்றால் என்ன, ஆறு என்றால் என்ன, தலைமை அலுவலகம் அதை எப்படிப் படிக்கும், வார்த்தை என்னவென்று தெரியாமலே நான் எப்படிப் போட்டேன் - எல்லாம். சொல்லும்போது எனக்கே குழந்தைத்தனமாகத்தான் இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

“இதைப் பதிவு செய்யுங்க” என்றார் வக்கீல்.

“நானே நான் சொன்னதையா ஐயா?”

“வேற யாருக்கு இங்கே தட்டச்சு தெரியும்?”

அடித்தேன். கூண்டக்கா சொன்ன வார்த்தையையும் அடித்தேன். ஒவ்வொரு எழுத்தாக. பக்கத்தை நீட்டினேன். விரல் வைத்துப் படித்தார். அந்த வரியில் விரல் நின்றது. “சரியா இருக்கு” என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை என் கையிலேயே கொடுத்தார்.

ஏப்ரல் 3, வியாழன்

எனக்கு மெமோ. அலுவலக ஆவணத்தில் சொந்தக் குறியீடு பயன்படுத்தியதற்கு விளக்கம் கேட்டு. அதையும் நான்தான் தட்டச்சு செய்தேன். பிழையில்லாமல் வந்தது.

இவர் மட்டும், “மெமோவுல எத்தனை புள்ளி?” என்றார். தலையணையை எறிந்தேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கெட்ட வார்த்தையே வேண்டாம் என்று சொல்ல முன்பு எனக்கு ஒரு நொடி ஆகாது. இப்போது சொல்ல முடியவில்லை. எல்லாரும் எப்போதும் பேசலாம் என்றும் சொல்ல முடியவில்லை. எல்லாரும் பேசியிருந்தால் அன்றைக்கு ஜி.எம். திரும்பியிருக்க மாட்டார். பேசாமல் அடக்கி வைத்த வாயிலிருந்து வந்ததால்தான் ஒரு உயிர் தப்பியது. ஆக, தடை இருக்கட்டும். வாய்க்கு இருக்கட்டும். ஆனால் காகிதத்துக்கு எதற்கு? ஒருத்தி சொன்னதையோ, ஒருத்தியைச் சொன்னதையோ எழுதும்போது நான் யார் கூட்டவும் குறைக்கவும்? கூண்டக்காவுக்குக் கூட்டினேன். பேக்கிங் பெண்ணுக்குக் குறைத்தேன். இரண்டு தடவையும் என் வாய் சுத்தமாகத்தான் இருந்தது. அந்தச் சுத்தத்தை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 11, வெள்ளி

வக்கீலின் அறிக்கை வந்தது. நான்கே பக்கம். சொன்னது உண்மை, அவமதிக்கும் நோக்கம் இல்லை, மற்ற வழிகள் பலிக்காதபோது உயிரைக் காக்கச் சொன்னது. குற்றப்பத்திரிகை, சொல்லப்படாத ஒன்றைச் சொன்னதாகக் காட்டுகிறது. குற்றம் நிரூபிக்கப்படவில்லை.

மூன்று முறை படித்தேன். கழிவறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

மீண்டும் பணிக்கு வரச் சொல்லும் உத்தரவை ஜி.எம்.மிடம் கையெழுத்துக்குக் கொண்டுபோனேன். கூடவே விசாரணைக் கோப்பு. எச்.ஆர். ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தார்: கோப்பில் அந்தச் சொல்லை மட்டும் மை பூசி மறைத்துவிடலாமா என்று.

ஜி.எம். சீட்டைப் படித்தார், கசக்கிக் கூடையில் போட்டார்.

“அப்படியே இருக்கட்டும் மேடம். நான் எதுக்கு நகர்ந்தேன்னு யாருக்காவது தெரியணும்ல.”

மனுஷர்தான். எனக்கு அவர் மேலும் ஒரு மதிப்பு வந்துவிட்டது. உத்தரவில் கையெழுத்துப் போட்டார். என் மெமோவுக்கு நான் எழுதிக் கொடுத்த விளக்கமும் அங்கேயே இருந்தது. அதன் ஓரத்தில் “ஏற்கப்பட்டது, இனி அப்படியே எழுதவும்” என்று எழுதினார்.

ஏப்ரல் 16, புதன்

கூண்டக்கா ஏறிவிட்டார். மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஏணியில் நாற்பத்தெட்டு படி. நடுவில் எங்கும் நிற்கவில்லை.

மே 6, செவ்வாய்

சாப்பாட்டு இடைவேளை முடிகிற நேரம். கூண்டக்கா என் அறை வாசலில். முதல்முறை. பின்னால் ஒரு பெண், இருபத்தைந்துக்குள் இருக்கும், பேக்கிங் பிரிவுச் சீருடை. யார் மேல் புகார் என்று கேட்டேன். சொன்னாள். அதே ஆள், ஒன்பது வருடம் முன்பு அங்கே சூப்பர்வைசராக இருந்தவன்.

“இவங்ககிட்ட சொல்லு. முழுங்காம எழுதுவாங்க” என்றார் கூண்டக்கா. என்னைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்துவிட்டு, மணியடிக்கும் முன்னால் படியேற வேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

எழுந்துபோய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து மேஜைக்குப் பக்கத்தில் போட்டேன். போன தடவை அந்தப் பெண்ணை நிற்க வைத்தே கேட்டிருந்தேன். கதவைச் சாத்தினேன். அவள் உட்கார்ந்தாள். கைக்குட்டையைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

“அவர் பேசினதையெல்லாம் எப்படி மேடம் சொல்றது?”

“மெதுவா சொல்லும்மா.”

“அப்படியேவா?”

“அப்படியே.”

சொன்னாள். உள்ளறையிலிருந்து எச்.ஆர். என் பெயரைச் சொல்லி ஒருமுறை கூப்பிட்டார். “அடிச்சுட்டு இருக்கேன் சார்” என்றேன். இரண்டரைப் பக்கம் வந்தது. அவளையே படித்துப் பார்க்கச் சொன்னேன். படித்தாள், எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டாள்.